பச்சைத் துணிக்குள் ஒரு கை

"இனிமே விழுங்கக் கூடாதுங்கய்யா" என்று டாக்டர் நஸ்ரின் சொன்ன மறுகணமே ராக்கியண்ணனுக்கு வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாமல் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்த வாய்தான் இது. இப்போது எங்கிருந்துதான் வருகிறதோ, நாக்கின் அடியில் குளம் கட்டி மெல்ல மெல்லத் தொண்டைப் பக்கம் சரிகிறது. மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து முகத்தை இடப்பக்கம் திருப்பியிருந்தார்கள். தலையோடு மூடிப் பச்சைத் துணி. வலது காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்புகிற இடத்தில் மட்டும் துணியில் ஒரு வட்டம் வெட்டியிருந்தது. அந்த வட்டத்துக்குள் தெரிகிற கழுத்துதான் இனி ராக்கியண்ணன். மற்ற ராக்கியண்ணனெல்லாம் துணிக்குள் கிடக்க வேண்டியதுதான். எச்சிலை இடது கன்னத்தோரம் வழியவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நொடியே, எச்சில் ஒழுக்குகிற மாட்டை எவன் வாங்குவான், கோமாரி நோய் என்று சொல்லிக் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விடுவானே என்று அது வந்த வழியே திரும்பியது. விழுங்கவும் கூடாது, வழியவும் கூடாது. விழுங்கினால் தொண்டை மேலே ஏறி இறங்குமாம், அதோடு உள்ளே இருக்கிற குழாயெல்லாம் நகருமாம், ஊசி உள்ளே இருக்கும்போது அப்படி நகரக் கூடாதாம். அது டாக்டரின் காரணம். விழுங்கினால் அது வரும். இது ராக்கியண்ணனின் காரணம். அதற்கு அவர் இன்னும் பேர் வைக்கவில்லை. டாக்டர் ஏதோ நரம்பு வலி என்றுதான் சொன்னார், தொண்டைக்கும் நாக்கின் அடிக்கும் காதுக்கும் போகிற நரம்பு என்று. ராக்கியண்ணனுக்கு அது வெறும் 'அது'. தொண்டையின் வலது ஓரத்தில் சூட்டுக்கோலை வைத்துத் தாடை வழியாகக் காதுக்குள் வரைக்கும் ஒரே இழுப்பு. மாட்டுக்காவது ஒரு தரம் சூடு போட்டால் அதோடு முடிந்தது. இவருக்கு ஒவ்வொரு வாய்க்கும். ஒவ்வொரு கொட்டாவிக்கும். யாராவது கூப்பிட்டு, 'ஏனப்பா' என்று திரும்பிக் கேட்டால் அந்த ஏனப்பாவுக்கும்.

எலும்பு, எலும்பு என்று சொன்னார்களே, அந்த எலும்பை நினைக்காமலிருக்கலாம் என்று பார்த்தால் அது கண்முன் வந்து நிற்கிறது. நேற்று டாக்டர் திரையில் படம் போட்டுக் காட்டினார். பார்க்காமல் இருந்திருக்கலாம். தன் மண்டையோட்டைத் தானே பார்க்கிறவன் உருப்படுவானா? "காதுக்குப் பின்னாலருந்து முள்ளு மாதிரி ஒரு எலும்பு இறங்கும் பாருங்க. எல்லாருக்கும் பாதிக் கட்டைவிரல் நீளம் இருக்கும். உங்களுக்கு ரொம்ப நீளம். உள்பக்கமா வேற வளைஞ்சிருக்கு. எங்களுக்கு ஊசி போடறதுக்கு அதுதான் மைல்கல். அதைத் தொட்டுட்டு அதுக்குப் பின்னால நழுவி இறங்கினா அந்த நரம்பு. உங்க மைல்கல்லைக் கொண்டுபோய் வேற ஊர்ல நட்டிருக்கு" என்று டாக்டர் சிரித்தார். ராக்கியண்ணனும் சிரித்தார், வலிக்காத பக்கமாக. அப்புறம் டாக்டர் சிரிக்காமல் சொன்னதுதான் ராத்திரி பூராவும் வந்து வந்து முட்டியது. நரம்பை ஒட்டியே மூளைக்கு ஏறுகிற பெரிய ரத்தக்குழாய் போகிறது. மூளையிலிருந்து இறங்குகிற குழாய் அதன் பக்கத்தில். குரலுக்கான நரம்பும் அதே கட்டுக்குள். ஒரு புல்லுக்கட்டில் நாலு விதமான புல் கட்டிய மாதிரி; அதில் ஒரு புல்லை மட்டும் உருவ வேண்டும். "கழுத்தும் உங்களுக்குக் கட்டையா, தடிமனா இருக்கா, எல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்குது" என்றார். கட்டைக் கழுத்து. ஆயுசு பூராவும் சந்தையில் நின்று எத்தனை எருதுக்கு இதையே சொல்லி விற்றிருப்பார்! கழுத்தைப் பாருங்க, கட்டைக் கழுத்துங்க, பாரம் வெச்சா அப்படியே நிக்கும், நீளக் கழுத்து மாடு நுகத்துல தொங்கிப் போயிருமுங்க. அந்த நல்ல சுழியே இன்றைக்கு இங்கே கெட்ட சுழியாகிவிட்டது. கழுத்தில் சில்லென்று எதையோ தடவினார்கள். அதன்மேல் ஒரு கட்டையை வைத்து அழுத்தினார்கள். "ஸ்கேன்தான், பயப்படாதீங்க, குழாய் எங்க இருக்குன்னு பாத்துக்கறேன்" என்று டாக்டர் குரல் துணிக்கு வெளியே எங்கோ கேட்டது. பயப்படாதீங்க என்று சொல்கிறபோதுதான் இது பயப்பட வேண்டிய இடம் என்று தெரிகிறது. மிரளுகிற மாட்டைத்தான் நாமும் தட்டிக் கொடுக்கிறோம், சும்மா நிற்கிறதை யார் தட்டுகிறார்கள்?

எல்லாம் அந்த நாலில் வந்த வினை. ரெண்டு வருஷத்துக்கு முந்தி முதல் டாக்டர், அவர் வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, "வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். கேட்ட வாய்க்கு ராக்கியண்ணன், "ஒரு நாலு இருக்குமுங்க" என்றார். உள்ளே இருந்தது எட்டோ ஒன்பதோ. ஆனால் எந்தத் தரகுக்காரன் முதல் பேச்சிலேயே உள்ளதைச் சொல்வான்? டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார், என்னங்க, முகத்தைப் பார்த்தா நாலு மாதிரி இல்லையே என்பார், இவர் கொஞ்சம் இழுத்து, அப்படின்னா ஆறுன்னு வையுங்களேன் என்பார், அப்படியே ஏறி எட்டில் முடிக்கலாம் என்று மனசு தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டது. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலு என்று எழுதிக்கொண்டு மாத்திரைக்குப் போய்விட்டார். சொன்ன விலையை அப்படியே ஒத்துக்கொள்கிற ஆளை ராக்கியண்ணன் அதுவரை கண்டதில்லை. நாலு வலிக்கு நாலு வலிக்குண்டான வைத்தியம். பல் டாக்டரிடம் அனுப்பினார்கள், அவர் ரெண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். காது டாக்டர் சொட்டு மருந்து விட்டார். "போச்சு போ, பல்லைப் பிடிச்சுப் பார்த்து வயசு சொல்றவனுக்குப் பல்லுப் போச்சு, இனி உனக்கு எவன் வயசு சொல்லுவான்" என்று சந்தையில் கேலி பேசினார்கள். அதற்கும் சிரித்து, சிரித்ததற்கும் அது வந்து, அது வந்ததைக் காட்டாமல் பக்கத்து மாட்டின் வாலைத் தூக்கிப் பார்க்கிறவர்போலத் திரும்பி நின்றார். முகத்தில் காட்டாமலிருப்பதுதானே தொழிலே. டாக்டர் நஸ்ரின் கேட்டபோதுகூட அஞ்சுங்க என்றுதான் சொன்னார். ரெண்டு வருஷத்தில் ஒன்று ஏற்றியிருக்கிறார், பாருங்கள். பின்னால் பையோடு நின்ற மனைவி பாவாத்தாள்தான் பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தாள். "ஏனுங்கம்மா, இவரு சொல்ற கணக்கை எடுத்துக்காதீங்க. மாட்டுத் தரகு. அஞ்சுன்னு சொன்னா இன்னொரு அஞ்சை மடியில மறைச்சு வெச்சிருப்பாரு. கஞ்சியை வடிகட்டித்தான் குடிக்கறாரு. ஒவ்வொரு முழுங்குக்கும் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் பாக்கறது தெரிஞ்சா செவுத்துல பல்லி பாக்கற மாதிரி பாசாங்கு பண்றாரு." பல்லியைக்கூடக் கவனித்திருக்கிறாள், பாதகத்தி. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "அய்யா, உள்ள படுத்ததுக்கப்புறம் பேரம் கிடையாது. ஒரே விலை. நாக்குல இரும்பு ருசி வந்தாலோ, காதுல ரீங்காரம் கேட்டாலோ, உதடு மரத்தாலோ, அந்த நொடியே எனக்குத் தெரியணும். மருந்து நரம்புக்குப் போகாம ரத்தத்துல போகுதுன்னு அர்த்தம். தெரியுதா?" தெரியுதுங்க, என்றார் ராக்கியண்ணன். அந்தத் தெரியுதுங்கவைப் பாவாத்தாள் நம்பவில்லை. அவருக்கே அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை.

துணிக்கு அடியில் ஒரு கை வந்து அவருடைய வலது கையைப் பிடித்தது. நர்ஸ் பொண்ணு, புனிதா. "அய்யா, பேசினா கழுத்து அசையும். அதனால கையிலயே சொல்லுங்க. தாங்கற வலின்னா என் ஒரு விரலை மட்டும் பிடிங்க. வேற எதாச்சும் மாதிரி தெரிஞ்சா என் கையை முழுசாப் பிடிச்சிருங்க. டாக்டர் நிறுத்திருவாங்க." ராக்கியண்ணனுக்கு உடம்பெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கியது. துணிக்குள் கை. துணிக்குள் விரல். இந்தப் பொண்ணுக்கு யார் சொன்னது இதை? ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள், எல்லா நோயாளிக்கும் சொல்வதைத்தான் சொல்கிறாள். ஆனால் இவருக்கு ரெண்டு கையும் ஒரு துணிக்குள் போனால் அங்கே நடப்பது ஒன்றே ஒன்றுதான். வாங்குகிறவன் துண்டை எடுத்துப் போட வேண்டியது, ரெண்டு பேர் கையும் அதற்குள் போக வேண்டியது, எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அதுதான் மாட்டுக்கு விலை. பிடித்துக்கொண்டே வாய் மழையைப் பற்றிப் பேசும், கண் எங்கேயோ பார்க்கும், சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. முதலில் பிடிக்கிற விரல் என்றைக்கும் உண்மை கிடையாது. பிடித்த கையை ஒருத்தன் உதறி வெளியே எடுத்துவிட்டால் பேச்சு முறிந்தது, அன்றைக்குப் பூராவும் அந்த மாட்டுக்குப் பக்கம் அவன் வரமாட்டான். இந்தக் கைக்கு வேறு பாஷை தெரியாதே அம்மிணி. "லேசா ஒரு குத்து" என்றார் டாக்டர். தோலில் எறும்பு கடித்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அதன் பிறகு உள்ளே ஏதோ நடந்தது. வலி என்று சொல்ல முடியாது, ஆழமாக ஒரு அழுத்தம், தனக்குள்ளே தான் இதுவரை போகாத ஓர் அறையின் கதவை யாரோ முழங்கையால் தள்ளுகிற மாதிரி. தள்ளி, தள்ளி, டொக்கென்று எதிலோ முட்டியது. சத்தம் வெளியே கேட்டதா, தலைக்குள்ளா? "எலும்பு" என்றார் டாக்டர் யாரிடமோ. மைல்கல். ராக்கியண்ணன் அந்தப் பொண்ணின் ஒரு விரலைப் பிடித்தார். பிடித்தது உண்மையான ஒன்றா, தரகுக்கார ஒன்றா என்று அவருக்கே தெரியவில்லை.

எச்சில் நிறைந்துவிட்டது. நாக்கின் பின்பக்கம் வந்து நிற்கிறது, கரை தளும்புகிற குளம் மாதிரி. இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் தொண்டை தானாக விழுங்கிவிடும், அது அவர் சொல்லைக் கேட்காது, பிறந்ததிலிருந்து அதற்கு அதுதான் வேலை. ஊசி எலும்பை விட்டு நழுவுவது தெரிந்தது. பின்பக்கமாக, இன்னும் உள்ளே. நழுவுகிறதே, இந்த நழுவல்தானே டாக்டர் சொன்னது, இதற்கு அப்பால்தானே குழாய். கழுத்தில் ஊசி என்றாலே அவருக்கு ஒரு கறவை மாடுதான் நினைவுக்கு வரும், வேண்டாம் என்றாலும் வரும், இப்போதும் வந்துவிட்டது. கன்று போட்டு எழுந்திருக்கமாட்டாமல் கிடந்த சிவலை மாடு. மாட்டு வைத்தியர் வந்து கழுத்து ரத்தக்குழாயில் பெரிய பாட்டில் மருந்து ஏற்றினார். ராக்கியண்ணன்தான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாடைக்குக் கீழே கையை வைத்திருந்தார். மருந்து கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான், யார் மேலும் தப்பில்லை, அவசரத்தில் நடக்கிறதுதான். மாடு நாக்கை நீட்டி மூக்கை ஒரு நக்கு நக்கியது. எதையோ ருசி பார்த்து இது என்ன என்று யோசிக்கிற மாதிரி. அவரைப் பார்த்தது. உள்ளங்கைக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்த கழுத்து துடிக்கவில்லை. கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார், வெகு நேரம். "இழுத்துப் பார்த்தேன், ரத்தம் வரலை. சின்னதா சோதனை மருந்து போகுது" என்று டாக்டர் சொல்வது கேட்டது. சோதனை மருந்து. கழுத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலிருப்பது நல்லதா? அப்புறம் நாக்கின் அடியில் அந்தக் குளத்தில் ஏதோ கலந்தது. என்ன இது? கிணற்று வாளியின் கைப்பிடியை நக்கிய மாதிரி. சின்ன வயசில் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு லாடம் அடிப்பதை வேடிக்கை பார்த்த மாதிரி.

இரும்பா இது, பயமா? பயத்துக்கும் ஒரு ருசி உண்டு, வாய் காய்ந்தால் எல்லாமே துருதான். நேற்று டாக்டர் இரும்பு என்று சொன்னதால் வருகிற இரும்பாகவும் இருக்கலாம். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். பொறுத்துப் பார்க்கிறவன்தான் விலை முடிப்பான். இப்போது கையை முழுசாகப் பிடித்தால் டாக்டர் ஊசியை வெளியே எடுத்துவிடுவார், எடுத்துவிட்டால் பேச்சு முறிந்தது, உங்க கழுத்துக்கு இது ஒத்துவராதுங்க என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார், வெளியே பாவாத்தாள் பையோடு உட்கார்ந்திருப்பாள், வீட்டுக்குப் போக வேண்டும், போய்க் கஞ்சியை வடிகட்ட வேண்டும், மறுபடி அந்தச் சுவர், அந்தப் பல்லி. இன்னும் எத்தனை வருஷம்? ஒரு விரல் போதும். ஒரு விரலைப் பிடித்துத் தாங்குகிறேன் என்று சொல்லிவிட்டால் மருந்து பூராவும் இறங்கிவிடும், முடிந்துவிடும். எப்படியோ முடிந்துவிடும். கை பழக்கத்தில் அந்த ஒரு விரலைத் தேடிப் போய்விட்டது. போய்ப் பிடித்தும்விட்டது. அப்போதுதான் வலது காதுக்குள் அந்தச் சத்தம். ரொம்பத் தூரத்தில் மணி கட்டிய மாடுகள் வண்டியில் வருகிற மாதிரி, ஒன்று, பல, நெருங்கி நெருங்கி, சந்தை கூடுகிற விடியற்காலைபோல. அழகான சத்தம்தான். மாடு அவரைப் பார்த்தது. நாக்கை நீட்டி மூக்கை நக்கிவிட்டுப் பார்த்தது. அதற்குத் தெரிந்திருந்தது, நாக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது, சொல்லத்தான் வழியில்லை. அதன் தாடைக்குக் கீழே இவர் கை இருந்தது, பிடித்துக்கொள்ள அதற்குக் கை இல்லை. மாட்டுக்குக் கை இல்லையடா, மாட்டுக்குத்தானே கை இல்லை, உனக்கு என்ன வந்தது, என்று யாரோ அதட்டினார்கள், அவர்தான், அவரே. ஒரு விரலிலிருந்து ரெண்டுக்குப் போகவில்லை, மூன்றுக்கு ஏறவில்லை. அத்தனை விரலையும் ஒரேயடியாக, எலும்பு நொறுங்கிவிடும்போல, அந்தப் பொண்ணின் கையை முழுசாகப் பிடித்துவிட்டார்.

"டாக்டர்!" என்றாள் புனிதா. "நிறுத்தியாச்சு" என்றது குரல். அழுத்தம் பின்வாங்கியது. அந்த அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஏதோ ஒரு இயந்திரம் அவருடைய நெஞ்சின் சத்தத்தைக் கீச்சுக் கீச்சென்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. முறிந்தது, என்று ராக்கியண்ணன் நினைத்தார். மணிச் சத்தம் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, தூரம், இன்னும் தூரம். இரும்பு கரைந்தது. பிடித்த கையை விட அவருக்குத் தோன்றவில்லை, அவளும் உதறவில்லை. "நல்லவேளைங்கய்யா" என்று டாக்டர் துணிக்கு மிக அருகில் குனிந்து சொன்னார், மூச்சுக்கூடக் கேட்டது. "ஊசி முனை குழாய் ஓரத்துல நின்னிருக்கு. இழுத்தா ரத்தம் வரலை, படத்துலயும் அந்த வளைஞ்ச எலும்போட நிழல் மறைச்சிருச்சு. நீங்க சொல்லலைன்னா முழு மருந்தையும் விட்டிருப்பேன்." அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, சிவலை மாடு சொல்லிவிட்டது. "எலும்பைச் சுத்திக்கிட்டு முன்பக்கமா வர்றேன். போதும்னா போதும், இன்னொரு நாள் பாத்துக்கலாம். போலாம்னா புனிதா விரல் ஒண்ணைப் பிடிங்க." ஒரு முறை உதறிய பேச்சை அதே மாட்டுக்கு மறுபடி பேசுவார்களா? இங்கே பேசுகிறார்கள். பயம் போகவில்லை, முன்னைவிடக் கூடத்தான் இருந்தது, இப்போது ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோனதால். அவர் அந்தக் கையைத் தளர்த்தி, சிரமப்பட்டு, ஒரே ஒரு விரலை மட்டும் பிடித்தார். இது தரகுக்கார ஒன்று இல்லை. ஒன்றேதான்.

மறுபடி டொக். மறுபடி நழுவல், இந்தத் தரம் வேறு பக்கம், இன்னும் மெதுவாக, கண் தெரியாதவன் கழியை ஊன்றி ஊன்றி வருகிற மாதிரி. சோதனை மருந்து. காத்திருந்தார், நாக்கை அசைக்காமல், ருசி பார்த்துக்கொண்டு. எச்சில், வெறும் எச்சில். காதில் இயந்திரத்தின் கீச்சு மட்டும். "மருந்து வருது" என்றார் டாக்டர். தாடைக்குள்ளே வெதுவெதுப்பாக ஏதோ பரவி, நாக்கின் வலது அடி தடித்து, அவருடையதாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. துணியை விலக்கி முகத்தில் வெளிச்சத்தை விட்டார்கள். கழுத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "இப்ப விழுங்கலாம்" என்றார் டாக்டர். இவ்வளவு நேரமும் எதைத் தடுத்து நிறுத்த உயிரைக் கொடுத்தாரோ அதைச் செய் என்கிறார்கள். ராக்கியண்ணன் கண்ணால் சுவரைத் தேடினார். பிடித்துக்கொள்ளச் சுவர் தள்ளியிருந்தது, பல்லியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். குளத்தை உடைத்துவிட்டார். தொண்டை ஏறி இறங்கியது, எச்சில் எங்கே போனது என்றே தெரியாமல் ஏதோ ஓர் இருட்டில் போனது. அது வரப்போகிறது. தோள் தூக்கிக்கொண்டது, கால்விரல் மடங்கிக்கொண்டது. வரப்போகிறது. வரவில்லை. அதற்காக நம்பிவிட முடியுமா? வலி பிடித்த முதல் விரல் இது. முதல் விரல் என்றைக்கு உண்மை சொல்லியிருக்கிறது? இன்னொரு தரம் விழுங்கினார். "அய்யா, பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார் டாக்டர். பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்று வந்தது. குரல் வரவில்லை. மறுபடி முயன்றார், உமி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். போச்சு, அந்தப் புல்லுக்கட்டில் இருந்த இன்னொரு புல், குரல் நரம்பு! கண் விரிந்துபோய் டாக்டரைப் பார்த்தார். "பக்கத்து நரம்பும் கொஞ்சம் மரத்திருக்கு. கொஞ்ச நேரத்துல குரல் வந்துரும், பயப்படாதீங்க. கையிலயே சொல்லுங்க. எவ்வளவு?" கை இன்னும் போர்வைக்கு அடியில், புனிதாவின் கைக்குள்தான் இருந்தது. எத்தனை விரல்? நாலு இல்லை. அஞ்சு இல்லை. ஒன்றுகூட இல்லை. துண்டுக்குள் கை வைத்த நாளிலிருந்து ஒன்றுமில்லை என்று பிடித்துக்காட்ட அவருக்குத் தேவை வந்ததே இல்லை. அதற்கென்று ஒரு விரலும் கிடையாது. புனிதா காத்திருந்தாள். ராக்கியண்ணன் கையை மெல்ல உருவி, போர்வைக்கு வெளியே எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி வெறுங்கையை விரித்துக் காட்டினார்.